பன்னிரண்டு அயிரை

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் தொட்டியும் நன்றாகத் தெரியும்.

நான் அதிகம் பேச மாட்டேன். வெளி ஆட்களிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. மகள் சுகந்தி ஆபீஸிலிருந்து போன் பண்ணிச் சொன்னாள், மீன் தொட்டியை வாங்க ஒருவர் வருவார், காட்டு, பிடித்தால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. காட்டுகிறேன். இதுதான் தொட்டி. கீழே இருக்கிற மர அலமாரியும் இதோடு சேர்ந்தது. அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, அதுதான் பில்டர். விளம்பரத்தில் பில்டரைப் பற்றி ஒரே ஒரு வரி போட்டிருக்கிறாளாம். ஒரு வரி போதாது. அதனால்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் பேசவே மாட்டேன்.

அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்கிறதே, அது எங்கள் மாப்பிள்ளை. பெயரை நான் சொல்வதில்லை, வாசல் கதவில் எழுதியிருக்கிறது, போகும்போது படித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. தொட்டி அவருடையதுதான். நீங்கள் வந்தும் வெளியே வரவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வாசலைத் தாண்டுவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை.

நான் போய் அவரைக் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். நான் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை எதிரில் நின்று பேச மாட்டோம், அது மரியாதை. அவருக்கும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், நான் அடுப்பங்கரை வாசலில் நிற்பேன். "இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்று நான் சுகந்தியிடம் சொல்வேன். "போதும்னு சொல்லு" என்று அவர் சுகந்தியிடம் சொல்வார். சுகந்தி ஒரு நாள் தட்டை நகர்த்திவிட்டு, "நான் சாப்பிடறதா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தந்தி அடிக்கறதா?" என்றாள். ஆனாலும் பல வருஷமாகக் குறையில்லாமல் நடந்தது.

அவளை ஆபீஸில் இரண்டு மாதத்துக்குப் பூனாவுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் பிடித்தது சனி.

போவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, பூஜை அலமாரி இருந்த இடத்துல தொட்டி வந்தாச்சு. விட்டா என் பீரோ இருக்கற இடத்துலயும் ஒண்ணு வரும். இனிமே ஒரே ஒரு மீன் புதுசா வாங்கினாலும் தொட்டியை வித்துடுவேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். நீ தினம் எண்ணி எனக்குச் சொல்லு" என்றாள்.

எண்ணுவதைப் பொறுத்தவரை என்னிடம் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் கணக்குக்கு நிறுத்தவில்லை. கொடியில் காயப்போட்ட துணி முதல் டப்பாவில் இருக்கிற முறுக்கு வரை எனக்குத் தெரியும். இந்தத் தொட்டியில் எண்ணுவதற்குச் சுலபமானவை உண்டு. அந்த உயரமான இரண்டும் ஏஞ்சல். கூட்டமாகப் போகிறதே சிவப்பும் நீலமுமாக, அவை எட்டு. கஷ்டமெல்லாம் அந்த அயிரைதான். மரக்கட்டைக்கு அடியில் பாருங்கள், வளையம் வளையமாகப் பட்டை போட்ட மண்புழு மாதிரி. பார்த்தீர்களா, ஒரு வால்? அதேதான்.

கடைக்காரர்கள் அதைக் கூலி என்கிறார்கள். ஏதோ வெளிநாட்டுப் பெயராம். எனக்கென்ன தெரியும்? தொட்டி வந்த புதிதில் மாப்பிள்ளை போனில், "நாளைக்குக் காலைல பன்னிரண்டு கூலி வருது" என்று யாரிடமோ சொன்னார். சுவரை இடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு வடித்துவிட்டேன். வந்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து நான் அயிரை என்றே சொல்கிறேன். குழம்பு வைக்கிற அயிரை மாதிரியேதான் இருக்கிறது. நான் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மாப்பிள்ளை முகம் ஒரு மாதிரி ஆகும். ஏனென்று அப்போது தெரியவில்லை.

சுகந்தி ஊருக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். தோசை ஊற்றிவிட்டேன், எப்படிக் கூப்பிடுவது? கொஞ்ச நேரம் கரண்டியால் தட்டில் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. சரி என்று தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "மீனே, தோசை ஆறுது" என்றேன்.

அறைக்குள்ளிருந்து அவர் காதில் போனை வைத்துக்கொண்டு வந்தார். "ஆமா சார், ரெண்டு போதும் சார்" என்று போனில் சொல்லிவிட்டு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார். ஆபீஸில் எதையோ இரண்டு என்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நான், "மீனே, சட்னி காரமா இருக்கோ என்னவோ" என்றேன். அவர், "உப்புதான் கொஞ்சம் தூக்கல் சார்" என்றார். அப்புறம்தான் புரிந்தது. எந்த ஆபீஸில் சட்னியைப் பற்றிப் பேசுவார்கள்?

அதை வைத்து நாங்கள் பேசிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. நான் மீனிடம் சொன்னேன், அவர் போனில் சொன்னார். அவ்வளவுதான். கரண்ட் பில், தண்ணீர் வராதது, மேல் வீட்டுக்காரி சண்டை, அவருடைய சின்ன வயசு, எனக்கு முட்டிவலி வந்த விதம், எல்லாம் அப்படித்தான்.

இருங்கள், பில்டருக்கு வருகிறேன்.

ஒரு நாள் எண்ணினேன், அயிரை ஒன்பதுதான் இருந்தது. தீனி போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும், வந்தது ஒன்பது. மரக்கட்டையைக் குச்சியால் நகர்த்திப் பார்த்தேன். ஒன்பது. செத்திருந்தால் மிதக்க வேண்டும், மிதக்கவில்லை. தரையில் துள்ளி விழுந்திருந்தால் எறும்பு மொய்க்கும், எறும்பும் இல்லை. சுகந்தியிடம் உள்ளதைச் சொன்னேன். "குறைஞ்சா பரவாயில்லம்மா, கூடத்தான் கூடாது" என்றாள்.

அன்றைக்குப் பார்த்து மார்க்கெட்டில் நல்ல நெத்திலி கிடைத்ததென்று குழம்பு வைத்திருந்தேன். "மீனே, குழம்பு கொதிச்சாச்சு" என்றேன். நான் யாரிடம் எதைச் சொன்னேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவர் வந்தார். தொட்டியைப் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். சட்டியைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார். "எனக்கு வயிறு சரியில்ல சார், மோர் மட்டும் போதும் சார்" என்று போனில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு எதுவும் தெரியாது. மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையே என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கதவடியில் வைத்தேன். அதையும் தொடவில்லை. என் கையால் எதுவும் இறங்கவில்லை அவருக்கு. கடையிலிருந்து பிரட் வாங்கிச் சாப்பிட்டார். என்னை என்னவென்று நினைத்திருக்கிறார் பாருங்கள். அந்த மூன்று அயிரை ஒரு வாய்க்குக் காணுமா? கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

பிறகு ஒரு மத்தியானம், துடைப்பத்தோடு குனிந்தேன், அலமாரிக்குள் களுக்கென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தேன். கீழே கண்ணாடிப் பெட்டியில் பஞ்சுக்கு மேலே ஒரு அயிரை சாவகாசமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது மோட்டார் இருக்கிற அறைக்குள்.

எப்படிப் போனது என்று கேளுங்கள். மேலே தொட்டி மூலையில் கறுப்புப் பெட்டி இருக்கிறதல்லவா, அதன் விளிம்பு சீப்புப் பல் மாதிரி வெட்டியிருக்கிறது. தண்ணீர் அந்த இடைவெளியில் விழுந்து குழாய் வழியாகக் கீழே வரும். பஞ்சில் அழுக்கு தங்கும். அப்புறம் வெள்ளை வளையத் துண்டுகள். கடைசி அறையில் மோட்டார், அது நல்ல தண்ணீரை மறுபடி மேலே தள்ளும். மற்ற மீனுக்கு அந்தச் சீப்புக்குள் மூக்குக்கூட நுழையாது. அயிரைக்கு அது வீட்டு வாசல். நுழைந்து, குழாயில் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிடுகிறது. கீழேயே சாப்பிட்டுக்கொண்டு கீழேயே இருக்கிறது. மேலே போக வழியில்லை, போக வேண்டுமென்ற எண்ணமும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். முதல் இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவதற்காக மோட்டார் அறையில் கையை விட்டேன். அப்போது மாப்பிள்ளை அறையிலிருந்து வந்தார். பார்த்தார். ஓடி வந்தார். ஓடி வரும்போதே பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "சார், சார், கையை எடுங்க சார், ஸ்விட்சை அணைச்சுட்டுக் கையை விடுங்க சார், ஷாக் அடிக்கும் சார்" என்று கத்தினார்.

மரியாதை தெரிந்தவர், நான் சொல்லவில்லையா?

கையை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு, "மீனே, ஸ்விட்ச் எங்கேன்னு தெரியலையே" என்றேன். "இடது பக்கம் கறுப்பு பட்டன் சார்" என்றார். அந்த நேரம் பார்த்து அவர் காதிலேயே போன் மணியடித்தது. சுகந்தி. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் வடிகட்டியோடு நிற்கிறேன், அது அடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கடைசியில் எடுத்து, "ஒண்ணுமில்ல, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு மூன்றையும் மேலே விட்டோம். பன்னிரண்டு. அவர் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பழைய குழம்பு இருந்தா அதுவே போதும் சார்" என்றார். பழைய குழம்பு எங்கே இருக்கிறது? புதிதாக வைத்தேன். கத்தரிக்காய்தான். நெத்திலி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு அது எங்களுக்கு அன்றாட வேலையாகிவிட்டது. ஸ்விட்சை அணைத்ததும் மேல் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும், அதற்கு வாளி வைக்க வேண்டும். வாளி அவர், வடிகட்டி நான். ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. அவர் சீப்பை அடைக்கப் பஞ்சு வைத்துப் பார்த்தார், தண்ணீர் போகாமல் மேலே வழிந்தது. நான் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டிப் பார்த்தேன், அயிரை அதற்கு அடியில் போனது. எனக்கு எரிச்சல்தான். தினமும் சுகந்தியிடம் குறை சொல்வேன். முதுகு விட்டுப் போச்சு, இது வீடா குளமா என்று. சொல்லாமல் இருக்க முடியுமா?

இப்போது கவனமாகக் கேளுங்கள் தம்பி, இதுதான் முக்கியம். ஒரு நாள் காலையில் மேலே எண்ணினேன். பன்னிரண்டு. சரி, இன்றைக்கு வேலையில்லை என்று அலமாரியைச் சும்மா திறந்தேன். பஞ்சுக்கு மேலே ஒன்று படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

மேலே பன்னிரண்டு, கீழே ஒன்று. அப்படியானால் இது யார்?

எனக்கு உடனே தோன்றியது முந்தின நாள் வந்த பார்சல். கூரியர்காரரிடம் வாங்கி, மாப்பிள்ளை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பார்த்தேன். பார்சலைச் சட்டைக்குள் யார் வைப்பார்கள்? அந்த மீனும் மற்றதைவிடச் சின்னது. கடையில் சின்னதாகத்தானே கொடுப்பார்கள்.

சாயங்காலம் சுகந்தி கேட்டாள், எத்தனை என்று. எண்ணிக்கையில் நான் பொய் சொன்னதில்லை. "பதிமூணு" என்றேன். "அவர்கிட்ட போனைக் குடு" என்றாள். கொடுத்தேன்.

"சத்தியமா நான் வாங்கல" என்றார் அவளிடம். வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "சத்தியமா நான் வாங்கல சார்" என்று என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துச் சொன்னார். நான், "மீனே, நான் யாரையும் ஒண்ணும் கேக்கலையே" என்றேன். அவர், "யாராவது பாவம்னு வாங்கி விட்டிருந்தாலும் தப்பில்ல சார், சொல்லிட்டா நல்லது" என்றார். யாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ராத்திரிச் சாப்பாடு வரை ஆனது. என்னைச் சொல்கிறார். நான் திருட்டுத்தனமாக மீன் வாங்கினேனாம்.

அப்புறம் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டோம். அதாவது, நான் மீனிடமும் அவர் போனிடமும். ஆனால் வாளியும் வடிகட்டியும் நிற்கவில்லை. பதினான்கு ஆயிற்று. பதினைந்து. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பதினேழு என்ற அன்றைக்கு சுகந்தி, "நான் வந்து பேசிக்கறேன்" என்றாள்.

வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, போனில் தொட்டியைப் படம் பிடித்தாள், விளம்பரம் போட்டாள். "அம்மாவுக்கு முதுகு போச்சு, உங்க மீனைத் தூக்கித் தூக்கி. பேச்சுன்னா பேச்சுதான்" என்றாள் அவரிடம். எனக்காகத்தான் செய்கிறாள். பார்சலைப் பற்றி அவள் கேட்டபோது அவர் கொண்டுவந்து காட்டினார். மெல்லிய கம்பி வலை. சீப்புக்குப் போட வாங்கியிருக்கிறார். தொட்டிக்கு எதை வாங்கினாலும் அவளுக்கு ஆகாது என்று போடாமலே ஒளித்து வைத்திருக்கிறார். "வலை வாங்கினவர் மீன் வாங்கியிருக்க மாட்டாரா?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

நேற்றுக் காலையில், இன்னொருவர் வீட்டுக்குப் போகிற பொருளை அழுக்கோடு கொடுக்கக் கூடாதென்று, பில்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பஞ்சை எடுத்தேன். அந்த வெள்ளை வளையத் துண்டுகளுக்கு நடுவில் ஏதோ நூல் துண்டு மாதிரி. இழுத்துப் போடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். நூல் நகர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நூலுக்குக் கண் இருந்தது, பட்டை இருந்தது. இன்னொரு நூல். அந்தப் பக்கம் இன்னும்.

வாங்கவில்லை தம்பி. அவரும் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. கீழே போனதுகள் கீழேயே குடும்பம் நடத்தியிருக்கின்றன. மேலே ஏஞ்சல் இருக்கிறது, குஞ்சைக் கண்டால் விழுங்கிவிடும். இங்கே பஞ்சும் வளையமும் இருட்டும். நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, குடியிருந்த வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே விட்டிருக்கிறோம்.

சுகந்தியைக் கூப்பிட்டேன். ஆபீஸுக்குப் புறப்படச் சேலைக்குப் பின் குத்திக்கொண்டே வந்து, குனியாமல் நின்றாள். "பொறந்துது சுகந்தி, இங்கேயே பொறந்துது" என்றேன். "நீயும் அவர் கட்சிக்குப் போயிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பதிமூன்று என்றேன், நம்பினாள். பதினேழு என்றேன், நம்பினாள். இதை மட்டும் நம்பவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்றால், சுகந்தி வந்த பிறகு எல்லாம் பழையபடி அவள் வழியாகத்தான். "அவங்ககிட்ட குஞ்சு பொரிச்சிருக்குன்னு சொல்லு" என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் போகட்டும் என்று காத்திருந்து, தொட்டியடியில் நின்று, "மீனே, வாங்கினது யாருமில்ல, பெத்தது நீதானா" என்றேன். அறைக்கதவு திறந்தது. வந்தார். அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போனைக் கொண்டுவர மறந்துவிட்டார். வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "எத்தனை சார்?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை தம்பி. என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. எண்ணினால் ஆறு. மறுபடி எண்ணினால் ஒன்பது. ஒன்று வளையத்துக்குள் போகும், அந்தப் பக்கம் இரண்டாக வரும். இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன், நிற்கவில்லை.

எனக்கொன்றும் இந்தத் தொட்டி மேல் பிடிப்பு கிடையாது. முதுகு மிச்சமாகும், பூஜை அலமாரி பழைய இடத்துக்கு வரும், நல்லதுதான். தோசை ஆறுகிறது என்று பூஜை அலமாரியிடம் சொல்ல முடியாதே என்று ஒரு யோசனை வந்தது, அது வேறு. ஆனால் எண்ணாமல் ஒரு பொருளை நான் வாசல் தாண்ட விட்டதில்லை. விளம்பரத்தில் பழைய கணக்குப்படி பன்னிரண்டு கூலி என்று இருக்கிறது. மேலே பதினேழு. கீழே எத்தனையென்று கடவுளுக்குத் தெரியும். நான் எந்த எண்ணிக்கையைச் சொல்லி உங்கள் கையில் கொடுப்பது? வண்டியில் ஏற்ற வேண்டுமென்றால் இந்தப் பஞ்சையும் வளையத்தையும் பிரித்துக் கொட்ட வேண்டும். நூல் மாதிரி இருக்கிறது, தாங்குமா? அதெல்லாம் எண்ணுகிற அளவுக்கு வளரட்டும். எப்போது வளரும் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் இன்னும் பிறந்தால் அதையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும்.

கீழே உங்கள் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார் போலிருக்கிறது. சுகந்திக்குப் போன் போடுகிறீர்களா? போடுங்கள். நான் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மா இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். இப்படி வாருங்கள், பார்த்துக் குனியுங்கள், நான் டார்ச் பிடிக்கிறேன்.